மரபு வேளாண்மையில் காக்க வேண்டியது எது?

உலகின் பல நாடுகளில் பழைய வேளாண் முறைகளை ‘வேளாண் பாரம்பரியம்’ என்று அறிவித்துப் பாதுகாக்கிறார்களே, அதனால் அங்கே உழுது பிழைப்பவர்களுக்கு ஏதேனும் பயன் உண்டா, அல்லது வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காகப் பழமையைப் பூசி மெழுகி வைக்கும் வேலைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, மக்கள்தொகை இவ்வளவு பெருகிவிட்ட காலத்தில் இந்த முறைகளால் போதிய விளைச்சல் தர முடியுமா என்ற ஐயத்தையும் எழுப்பியிருக்கிறீர்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீரை யார் எப்போது திறப்பது, விதை யார் கையில் இருப்பது, கரை உடைந்தால் யார் கட்டுவது, விளைந்ததற்கு என்ன கிடைப்பது என்ற ஏற்பாடுகளால்தான் ஒரு வயல் வயலாக இருக்கிறது. அந்த ஏற்பாட்டைக் காப்பாற்றிய இடங்களில் பயன் உண்டு. ஏற்பாட்டை விட்டுவிட்டு வயலின் அழகை மட்டும் காக்க நினைத்தால் அந்த அழகும் சில ஆண்டுகளில் சரிந்துவிடும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு, 2002-இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த உச்சி மாநாட்டின்போது, உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் பாரம்பரிய முறைகளை அடையாளம் காணும் திட்டத்தைத் தொடங்கியது. 2005-இல் முதல் முன்னோடி இடங்கள் தேர்வாயின. சிலி நாட்டின் சிலோயே தீவுகள், பெருவின் ஆண்டிஸ் மலை வேளாண்மை, பிலிப்பைன்ஸின் இஃபுகாவ் படிவயல்கள், சீனாவின் சிங்தியன் நெல்–மீன் வளர்ப்பு, வட ஆப்பிரிக்கப் பாலைவனச் சோலைகள் ஆகியவை அவை. இன்று 80-க்கும் மேற்பட்ட இடங்கள் பட்டியலில் உள்ளன. சீனாவில்தான் மிக அதிகம். இந்தியாவில் காஷ்மீரின் பாம்பூர் குங்குமப்பூச் சாகுபடி, ஒடிசாவின் கோராபுட், கேரளத்தின் குட்டநாடு என மூன்று. உணவுக்கும் பிழைப்புக்கும் அது உதவுகிறதா, பயிர்களிலும் உயிர்களிலும் பன்மை உண்டா, உள்ளூர் அறிவு உயிரோடு இருக்கிறதா, அதைத் தாங்கும் சமூக அமைப்பும் பண்பாடும் உள்ளனவா, நிலத்தோற்றம் சிறப்பானதா என்று ஐந்து அளவுகோல்களை வைத்துப் பார்க்கிறார்கள். யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலிலிருந்து இது ஓரிடத்தில் வேறுபடுகிறது. இங்கே மாற்றம் குற்றமாகக் கருதப்படுவதில்லை. உழவர் புதிய பயிரையோ கருவியையோ சேர்த்துக்கொண்டே முறையைத் தொடரலாம் என்பது திட்டத்தின் அடிப்படை. அதே நேரத்தில், இந்த அறிவிப்போடு பெரிய நிதி எதுவும் வந்து சேர்வதில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் கிடைக்கும்; அதை வைத்து என்ன செய்துகொள்வது என்பது அந்தந்த நாட்டின், ஊரின் பொறுப்பு.

ஏற்பாடு என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதற்கு இந்தோனேசியாவின் பாலித் தீவைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. அங்கே எரிமலைச் சரிவுகளில் இறங்கும் ஆறுகள் ஆழமான பள்ளங்களில் ஓடுவதால், நீரை அணையால் தடுத்து, பாறையைக் குடைந்த சுரங்கக் கால்வாய்கள் வழியாக வயலுக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரே நீர்மூலத்தைப் பகிரும் உழவர்கள் ‘சுபாக்’ என்ற சங்கமாகச் சேர்ந்திருக்கிறார்கள். பல சுபாக்குகள் ஒரு நீர்க்கோவிலில் கூடி, எந்தச் சரிவில் எப்போது நாற்று நடுவது, எங்கே வயலைக் காயப் போடுவது என்று முடிவு செய்கின்றன. இந்த முடிவில் ஒரு நுட்பமான கணக்கு இருக்கிறது. அக்கம்பக்கத்து வயல்களெல்லாம் ஒரே நேரத்தில் அறுவடையாகித் தரிசாகக் கிடந்தால் பூச்சிக்கும் எலிக்கும் தங்க இடமில்லாமல் அவை குறையும். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் நடவு செய்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நீர் தேவைப்பட்டுக் கடைமடைக்குப் போய்ச் சேராது. எத்தனை ஊர்கள் சேர்ந்து ஒரே பட்டமாக நடவேண்டும், எத்தனை ஊர்கள் தள்ளி நடவேண்டும் என்ற அளவைத் தலைமுறைகளின் அனுபவத்தில் கண்டுபிடித்து, அதைக் கோவில் நாள்காட்டியாகக் கடைப்பிடித்து வந்தார்கள்.

1970-களில் பசுமைப் புரட்சி வந்தபோது, குறுகிய கால நெல் ரகங்களை இடைவெளியின்றி முடிந்த மட்டும் நடுமாறு அரசு வற்புறுத்தியது. கோவில் முறை வெறும் சடங்காகவே அதிகாரிகளின் கண்ணுக்குத் தெரிந்தது. முதலில் விளைச்சல் கூடியது. பிறகு நீர்ப் பங்கீட்டில் குழப்பமும் புகையான் பூச்சியின் பெருந்தாக்குதலும் வந்தன. பூச்சிக்கொல்லி தெளிக்கத் தெளிக்கப் புகையானைத் தின்னும் சிலந்திகளும் வண்டுகளும் செத்தன; புகையான் மேலும் பெருகியது. 1986-இல் இந்தோனேசிய அரசு நெற்பயிரில் 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்யும் நிலைக்கு வந்தது. அதே காலத்தில் மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் இரண்டு ஆறுகளின் படுகையைக் கணினியில் மாதிரியாக அமைத்து, ஒவ்வோர் உழவரும் தனித்தனியே நட்டால் என்ன ஆகும், எல்லோரும் ஒன்றாக நட்டால் என்ன ஆகும், கோவில்களின் அளவில் கூடி நட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். கோவில்களின் அளவில் ஒருங்கிணைந்தபோதுதான் மொத்த விளைச்சல் மிகுந்தது. பாசனத் திட்டத்துக்குக் கடன் கொடுத்த ஆசிய வளர்ச்சி வங்கியும் பின்னாளைய மதிப்பீட்டில் நீர்க்கோவில்களின் பங்கை ஏற்றுக்கொண்டது. ஒரு மரபைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்வது பழமைமேல் கொண்ட பற்றால் மட்டும் அன்று. எழுதி வைக்கப்படாத, ஆனால் சோதித்துத் தேறிய அறிவு அதில் இருக்கக்கூடும். கலைத்த பிறகுதான் அதன் மதிப்புத் தெரிகிறது என்பதே காரணம். சுபாக் 2012-இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ஆனாலும் தங்கும் விடுதிகளுக்காக வயல் விற்பனையாவது அங்கே நிற்கவில்லை. சுற்றுலாப் பணம் வயலின் உரிமையாளருக்கும் சங்கத்துக்கும் எந்த விகிதத்தில் போய்ச் சேர்கிறது என்ற சிக்கல் இன்னும் தீரவில்லை.

இஃபுகாவ் மலைமக்களின் கதை வேறு வகை. லூசோன் தீவின் மலைகளில், 1,500 மீட்டர் உயரம் வரை, கல்லாலும் மண்ணாலும் சுவர் எழுப்பிச் சரிவைப் படிகளாக்கி நெல் விளைவிக்கிறார்கள். ஒவ்வொரு படித்தொகுதிக்கும் மேலே ‘முயோங்’ என்ற தனியார் காட்டுத்துண்டு இருக்கிறது. மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றாகக் கசியவிடுவதும், விறகும் வீட்டுக்கு மரமும் தருவதும் அந்தக் காடுதான். காட்டை வெட்டினால் கீழே வயல் காயும், சுவர் சரியும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஊரின் முதல் வயலுக்கு உரியவர் தொடங்கிய பிறகே மற்றவர்கள் நடவு தொடங்குவார்கள். பாலியில் கோவில் செய்ததை இங்கே ஒரு குடும்பத்தின் மரபுரிமை செய்தது. ‘தினாவோன்’ என்ற மரபு நெல் ஆண்டுக்கு ஒரே போகம். குளிரைத் தாங்கும், மணமுள்ள அரிசி.

இந்தப் படிவயல்கள் 2,000 ஆண்டுப் பழமையானவை என்று பாடநூல்களில் நெடுங்காலம் எழுதி வந்தார்கள். கியாங்கன் பகுதியில் அகழாய்வு செய்த ஸ்டீபன் அகபாடோ, அங்கே நெற்படிகள் பெருகியது சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்புதான், ஸ்பானியர் ஆதிக்கத்துக்கு உட்பட மறுத்து மலையேறிய மக்கள் அவற்றைக் கட்டினார்கள் என்று வாதிடுகிறார். இதனால் அவற்றின் மதிப்பு குறைவதாகச் சிலர் வருந்துகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சில தலைமுறைகளுக்குள் ஒரு மலைத்தொடரையே வயலாக்கிய மக்களின் உழைப்பும் ஒழுங்கும் இன்னும் பெரிதாகவே தெரிகின்றன. பாரம்பரியம் என்பதற்கு வயதை மட்டும் அளவாக வைக்கக் கூடாது என்பதற்கும் இது சான்று.

1995-இல் ஐந்து இஃபுகாவ் படிவயல் தொகுதிகள் உலக மரபுச் சின்னமாயின. 2001-இல் அவை ‘ஆபத்தில் உள்ளவை’ பட்டியலுக்குப் போயின. ஏறத்தாழ 25 முதல் 30 விழுக்காடு படிகள் கைவிடப்பட்டிருந்தன. இளைஞர்கள் படிப்புக்கும் வேலைக்கும் சமவெளிக்கு இறங்கிவிட்டார்கள். சுவர் சரிந்தால் மறுவாரமே கட்ட ஆள் வேண்டும். கட்டாமல் விட்டால் கீழ்ப்படியும் போகும். 1980-களில் உணவுக்காக நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட தங்க ஆப்பிள் நத்தை நாற்றைத் தின்னும் பீடையாக மாறியது. வயல் காயும் இடங்களில் பெரிய மண்புழுக்கள் கரையைத் துளைத்து நீர் ஒழுகச் செய்தன. பிலிப்பைன்ஸ் அரசும் மாகாண நிர்வாகமும் ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து சுவர்களையும் வாய்க்கால்களையும் சீராக்கிய பின், 2012-இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து அவை நீக்கப்பட்டன. மரபு அரிசி அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானது. உள்ளூர்ப் பல்கலைக்கழகமும் ஜப்பானின் கனசாவா பல்கலைக்கழகமும் சேர்ந்து இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தன. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் கல்வி பெற்ற ஒரு பெண்ணோ பையனோ ஊரிலேயே இருந்து படிவயல் செய்தால் நகரத்தில் பெறும் சம்பளத்தில் பாதியாவது கிடைக்குமா என்ற கேள்விக்கு அங்கே இன்னும் உறுதியான விடை இல்லை. அந்த விடை கிடைக்கும் வரை, சுவரைப் பழுதுபார்க்கும் நிதி ஒருமுறை வந்து தீர்ந்துபோகும் நிதியாகவே இருக்கும்.

விலை என்ற கேள்விக்கு ஓரளவு விடை கண்ட இடம் ஜப்பானின் சாடோ தீவு. ‘டோக்கி’ என்ற செங்கொண்டை அரிவாள் மூக்கன் பறவை அங்கே வயல்களில் இரை தேடி வாழ்ந்தது. வேட்டையாலும் பூச்சிக்கொல்லியாலும் அழிந்து, ஜப்பானில் பிறந்த கடைசிப் பறவை 2003-இல் இறந்தது. சீனா கொடுத்த பறவைகளின் குஞ்சுகளைப் பெருக்கி 2008-இல் சாடோவில் மீண்டும் பறக்கவிட்டார்கள். பறவை பிழைக்க வேண்டுமானால் வயலில் தவளையும் மீனும் புழுவும் இருக்க வேண்டும். எனவே மருந்தையும் உரத்தையும் பாதியாகக் குறைத்து, குளிர்காலத்திலும் வயலில் நீர் நிறுத்தி, வயலோரம் ஆழமான ஓடை வெட்டி, ஆண்டுக்கு இருமுறை வயலிலுள்ள உயிர்களைக் கணக்கெடுக்கும் உழவர்களின் அரிசிக்கு நகராட்சி தனி முத்திரை கொடுத்தது. அந்த அரிசிக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது. ஒரு பறவைக்காக உழவர் தியாகம் செய்யவில்லை. பறவை வாழும் வயலை வைத்திருப்பது அவருக்குக் கட்டுப்படியாகும்படி ஊர் ஏற்பாடு செய்தது. 2011-இல் சாடோ வேளாண் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டில் சேர்ந்த நோட்டோ தீபகற்பம் 2024 ஜனவரி 1 அன்று பெரும் நிலநடுக்கத்துக்கு உள்ளாகி அதன் புகழ்பெற்ற கடலோரப் படிவயல்களில் பல வெடித்துப் பிளந்தன. முதியவர்களே மிகுந்த ஊர்களில் அவற்றை மீண்டும் கட்டுவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் இரண்டாவது ஐயம் விளைச்சல் பற்றியது. சீனாவின் சேஜியாங் மாகாணத்துச் சிங்தியனில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நெல்வயலில் கெண்டை மீன் வளர்க்கிறார்கள். மீன் களையையும் பூச்சியையும் தின்று, சேற்றைக் கிளறி, எரு இடுகிறது. நெற்பயிரின் நிழல் மீனுக்கு வெயிலைத் தணிக்கிறது. சீன ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் அளந்து 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, மீனோடு வளர்ந்த நெல்லின் விளைச்சல் தனி நெல்லின் விளைச்சலுக்கு ஏறத்தாழ நிகராக இருந்தது. பூச்சிக்கொல்லி 68 விழுக்காடும் ரசாயன உரம் 24 விழுக்காடும் குறைவாகத் தேவைப்பட்டன. மீன் அதன்மேல் கிடைத்த வருமானம். எல்லா மரபு முறையும் இப்படிக் கணக்கில் வெல்லும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆண்டுக்கு ஒரு போகம் விளையும் தினாவோன் நெல்லை நம்பி மணிலா நகரம் சாப்பிட முடியாது. ஆனால் ஒரு மலைச்சரிவில் மண்ணையும் ஊற்றையும் பிடித்துவைத்து, அங்குள்ளவர்களுக்கு உணவும் கொடுத்து, வேறெங்கும் இல்லாத விதையையும் வைத்திருக்கும் ஒரு முறையைக் கிலோ கணக்கில் மட்டும் எடைபோடுவது தவறான கணக்கு.

விதையைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆண்டிஸ் மலைகளில் 4,000-க்கும் மேற்பட்ட உருளைக்கிழங்கு ரகங்கள் உண்டு. ஒரே குடும்பம் ஒரே துண்டு நிலத்தில் பல ரகங்களைக் கலந்து நடும்; உறைபனி வந்தால் ஒன்று போகும், நோய் வந்தால் இன்னொன்று போகும், எல்லாம் ஒரே ஆண்டில் போகாது. ஒற்றை ரகத்தை நம்பியிருந்த அயர்லாந்தில் 1845-இல் கருகல் நோய் புகுந்தபோது என்ன நேர்ந்தது என்பது வரலாறு அறிந்தது. பெருவில் கூஸ்கோவுக்கு அருகே பீசாக் மலைப்பகுதியில் கெச்சுவா சமூகங்கள் தங்கள் நிலங்களைச் சேர்த்து ‘உருளைக்கிழங்குப் பூங்கா’ ஒன்றை நடத்துகின்றன. லிமாவிலுள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் முன்னர் இந்த மலைகளிலிருந்து சேகரித்துக் குளிரறையில் வைத்திருந்த நூற்றுக்கணக்கான ரகங்களை, 2004-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, நச்சுயிரி நீக்கி அந்தச் சமூகங்களுக்கே திருப்பிக் கொடுத்தது. வெப்பம் கூடக் கூட எந்த ரகத்தை எவ்வளவு உயரத்தில் நடவேண்டும் என்பதை அவர்கள் வயலிலேயே சோதித்து வருகிறார்கள். குளிரறையில் தூங்கும் விதை இந்த மாற்றத்தைக் கற்றுக்கொள்வதில்லை. வயலில் ஆண்டுதோறும் முளைக்கும் விதை கற்றுக்கொள்கிறது.

குளிரறை வேண்டாம் என்பது என் கருத்தன்று. நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-இல் திறக்கப்பட்ட விதைப் பெட்டகத்திலிருந்து முதன்முதலில் விதை எடுத்தது, சிரியப் போரால் அலெப்போவிலிருந்து வெளியேற நேர்ந்த வறண்ட நில வேளாண் ஆய்வு மையம்தான். 2015-இல் எடுத்த அந்த விதைகளை லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். பெட்டகம் இல்லாவிட்டால் அந்தக் கோதுமையும் கடலையும் மைசூர்ப் பருப்பும் மீண்டிருப்பது கடினம். இரண்டும் வேண்டும். ஆனால் உழவர் கையில் விதை சுழல வைப்பதற்குப் பெரிய செலவு தேவையில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன் கடைப்பிடித்த முறை, ஓர் உழவருக்கு இரண்டு கிலோ மரபு விதை கொடுத்து, மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பி வாங்குவது. 2018-இல் அவர் மறைவதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட ரகங்கள் இப்படி வயலுக்குத் திரும்பின.

இலங்கைக்கு வருகிறேன், தமிழ் பேசும் உழவர்கள் நேரடியாகப் பங்குகொண்ட பாரம்பரியம் இது. இலங்கை வறண்ட வலயத்தின் சங்கிலிக் குளங்கள் 2017-இல் வேளாண் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. ஒரு சிறு பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழாகப் பல குளங்கள் அடுத்தடுத்து இருக்கும். மேற்குளத்து நீர் வயலில் பாய்ந்து, வடிந்து, அடுத்த குளத்தில் சேரும். அங்கிருந்து மீண்டும் வயலுக்குப் போகும். அநுராதபுரத்திலிருந்து வவுனியா, மன்னார், முல்லைத்தீவு வரை இந்த அமைப்பு பரவிக் கிடக்கிறது; வன்னியில் பல ஊர்ப்பெயர்கள் குளத்தில் முடிவது தற்செயலன்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கரையும், துருசு என்ற மதகும், மிகுநீர் வழிந்தோடும் வானும் மட்டும் கண்ணில் படும். முறையை அறிந்தவருக்கு இன்னும் பல உறுப்புகள் தெரியும். நீர் வந்து சேரும் அலைகரைப் பக்கத்தில் காற்றையும் ஆவியாதலையும் தணிக்கும் மரவரிசை இருக்கும். அதற்குள்ளே வண்டலை வடிகட்டும் புல்வெளி இருக்கும். அதற்கும் மேலே காட்டில் வண்டலைப் பிடிக்கவும் விலங்குகள் நீர் அருந்தவும் வெட்டிய சிறுகுளம் இருக்கும். கரைக்குக் கீழே வயலுக்கு முன்னதாக, கசிந்து வரும் நீரிலுள்ள உப்பை உறிஞ்சும் செடிமரங்கள் அடர்ந்த ஒரு துண்டு நிலம் இருக்கும். இவற்றில் எதையும் வெறும் தரிசு என்று நினைத்து உழுதுவிட்டால், சில ஆண்டுகளில் குளம் தூர்ந்துபோகும் அல்லது வயல் உவர் ஏறும்.

மழை பொய்த்த ஆண்டில் அவர்கள் செய்வதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுகிறது. குளத்தில் நீர் குறைவாக இருந்தால், குளத்தை ஒட்டிய வயல்பகுதியை மட்டும் பயிர் செய்வது, அந்தப் பகுதியை ஊரின் எல்லாப் பங்குதாரர்களுக்கும் அந்தப் போகத்துக்கு மட்டும் பிரித்துக் கொடுப்பது என்ற வழக்கம் உண்டு. மேல்வயல்காரர் தன் நிலத்தின் ஒரு பகுதியை அந்த ஒரு போகத்துக்கு விட்டுக்கொடுக்கிறார். கடைமடைக்காரர் பட்டினியிலிருந்து தப்புகிறார். சட்டப்புத்தகத்தில் எழுதிய உரிமையைவிட நுட்பமான நீதி இது. இதைப் பேச்சளவில் பாராட்டுவது எளிது. நடத்திக்காட்ட, நீர்ப் பங்கீட்டைக் கவனிக்க எல்லோரும் மதிக்கும் ஒரு நீர்விதானை வேண்டும், போகம் தொடங்குமுன் கூடும் கூட்டம் வேண்டும், மீறியவரைத் தண்டிக்கும் அதிகாரம் வேண்டும்.

அந்த அதிகாரம் படிப்படியாகக் கலைந்தது. 1832-இல் ஆங்கிலேய ஆட்சி ராஜகாரிய ஊழியத்தை ஒழித்தது. கட்டாய ஊழியத்தை ஒழித்ததில் நியாயம் உண்டு. ஆனால் குளத்தைப் பேணும் கூட்டு உழைப்பும் அதோடு தளர்ந்தது. 1856-இல் நீர்ப்பாசனச் சட்டம் இயற்றிப் பழைய வழக்கங்களுக்கு மீண்டும் சட்டவலிமை கொடுக்க வேண்டியதாயிற்று. இதே காலத்தில் சென்னை மாகாணத்திலும் குடிமராமத்தை வலியுறுத்தும் 1858-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இரு கரைகளிலும் ஒரே வகைச் சிக்கல் எழுந்திருந்தது புரியும். இலங்கையில் 1958-இல் வந்த நெற்காணிச் சட்டம் குத்தகை உழவர்களுக்குப் பாதுகாப்புத் தந்தது. கூடவே பழைய நீர்விதானைப் பதவியை நீக்கி, தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களை அமைத்தது. குழுக்களுக்குப் பல ஊர்களில் அந்தப் பழைய மதிப்பு வரவில்லை. இப்போது குளம் புனரமைப்பு என்றால் பெரும்பாலும் இயந்திரத்தைக் கொண்டு தூர்வாரி, கரையை உயர்த்தி, துருசைக் கட்டுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. மரவரிசையும் வடிகட்டும் புல்வெளியும் உப்பை உறிஞ்சும் துண்டு நிலமும் மதிப்பீட்டுத் தாளில் இடம்பெறாமல் போகின்றன. மேலுள்ள குளத்தை உயர்த்தியதால் கீழுள்ள குளத்துக்கு நீர் வராமல் போவதும் உண்டு. சங்கிலி முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு திட்டமிடாத புனரமைப்பு, நல்லெண்ணத்தோடு செய்தாலும் கேடாகவே முடியும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லைக்கு வெளியே எடுக்கும் முடிவு உள்ளேயிருக்கும் முறையை அழிப்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு அல்ஜீரியாவின் எல் ஊவத். மணற்குன்றுகளுக்கு நடுவே பெரும் பள்ளம் தோண்டி, நிலத்தடி நீருக்கு மிக அருகில் பேரீச்சையை நட்டு, நீர் இறைக்காமலேயே வேர் தானாகக் குடிக்கும்படி செய்த முறை அது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரத்துக்காக ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து இறைத்த நீர், கழிவாக மேல்மட்ட நிலத்தடிக்கு இறங்கி நீர்மட்டத்தை உயர்த்தியதால், சகாரா பாலைவனத்தின் நடுவே அந்தத் தோப்புகளில் பல நீரில் மூழ்கி அழிந்தன. உழவர் எந்தத் தவறும் செய்யவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, மரபு என்பதாலேயே எல்லாவற்றையும் காக்க வேண்டும் என்று நான் சொல்வதாகக் கொள்ளக் கூடாது. குட்டநாட்டில் கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளைவிப்பது வியப்பான திறமை. அந்தக் காயல் வரம்புகளை மூழ்கிச் சேறெடுத்துக் கட்டியவர்கள் புலையர் முதலான ஒடுக்கப்பட்ட சாதியினர். நிலம் அவர்களுடையதாக இருக்கவில்லை, கூலியும் மானமும் குறைவாகவே கிடைத்தன. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் மடையைத் திறந்து மூடி நீர் பங்கிட்ட மடைக்குடும்பர்களின் வரலாறும் அப்படிப்பட்டதே. ஊர் முழுவதுக்கும் நீரை நியாயமாகப் பங்கிட்டவருக்கே பெரும்பாலும் நிலம் இல்லை. இஃபுகாவ் மரபில் மூத்த பிள்ளைக்கு நெல்வயல் போவதும், பல நாடுகளில் நாற்று நடவும் களையெடுப்பும் பெண்கள் முதுகின்மேல் விழுவதும் நிலப்பத்திரத்தில் அவர்கள் பெயர் இல்லாததும் பாரம்பரியத்தின் பகுதிகள்தாம். அறிவைத் தக்கவைத்துக்கொண்டு அநீதியைக் கழிப்பதற்கு வழி உண்டு: உழைப்பவருக்கு உரிமையும் பங்கும் எழுத்தில் கிடைக்க வேண்டும். அதைச் செய்யாத பாதுகாப்புத் திட்டத்தில் அடுத்த தலைமுறை சேராமல் விலகிப்போனால், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

குட்டநாட்டில் மற்றொரு சிக்கலும் உண்டு. உப்புநீர் உள்ளே வராமல் தடுத்து இரண்டாம் போகம் எடுக்க 1970-களில் தண்ணீர்முக்கம் தடுப்பணையைக் கட்டினார்கள். நெல்லுக்கு அது நன்மை செய்தது. கடலுக்கும் காயலுக்கும் இடையே போய்வரும் மீனையும் இறாலையும் நம்பியவர்களுக்குத் தீமை செய்தது, நீர் தேங்கி ஆகாயத்தாமரையும் மாசும் பெருகின. மதகை எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்ற இழுபறி ஆண்டுதோறும் தொடர்கிறது. 2013-இல் கிடைத்த உலக அங்கீகாரம் இந்த வழக்கைத் தீர்த்துவிடவில்லை, தீர்க்கவும் முடியாது. நெல்லுழவரும் மீனவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து மதகின் நாளை முடிவுசெய்யும் நிலையான அமைப்பு இருந்தால்தான் தீரும்.

இறுதியாக, தமிழ்நாட்டு ஏரிப்பாசனத்தை இந்தப் பட்டியலில் சேர்க்க முடியாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கத் தகுதி உண்டு என்றே நினைக்கிறேன். மாநிலத்தில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் கணக்கில் உள்ளன. ஆனால் விண்ணப்பம் மத்திய அரசின் வழியாகப் போக வேண்டும். ஒரு குறிப்பிட்ட பகுதியைச் சுட்டி, அங்கே முறை இன்றும் நடப்பில் இருப்பதைக் காட்டி, அதைத் தொடர்ந்து நடத்துவதற்கான செயல்திட்டத்தையும் இணைக்க வேண்டும். அதற்கு முதல் வேலையாக, ஒரே தொடரிலுள்ள ஏழெட்டுக் கண்மாய்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, கலுங்கு வழிந்த நீர் எந்தக் கண்மாய்க்குப் போகிறது, மடைமுறை இன்னும் யாருக்குத் தெரியும், நீர்பாய்ச்சிக்கு ஊர் என்ன கொடுக்கிறது, நீர்ப்பிடிப்புப் புறம்போக்கில் எவ்வளவு மிச்சமிருக்கிறது, நாற்பது வயதுக்குட்பட்டவர்கள் எத்தனை பேர் அங்கே பயிர் செய்கிறார்கள் என்பவற்றை ஊராரோடு உட்கார்ந்து எழுதுங்கள். மடைமுறை தெரிந்த பெரியவர்கள் இப்போது எழுபதைக் கடந்திருப்பார்கள் என்பதால், அவர்களிடம் கேட்டு எழுதுவதை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். நில ஆவணங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.